ஒன்று குறைகிறது

முதலில் மிதிவண்டி மணிகளைக் கழற்றச் சொன்னோம்.
வேலிக்குள் எதுவும் கிணுகிணுக்கக் கூடாது, இன்று மட்டும்.
மீன்காரன் டெம்போ முணுமுணுத்துக்கொண்டே
மூடியைத் திருகிச் சட்டைப்பையில் போட்டான்.
"ஐந்து வருஷத்துக்கு ஒருநாள்
என் வண்டிக்கு வாய் கட்டு. சரி."

காம்பியா நதியின் இந்தக் கரையில்
வாக்கு என்பது ஒரு கண்ணாடிக் கோலி.
திரைக்குப் பின்னால் மூன்று தகரப் பீப்பாய்,
மூன்று நிறம், மூன்று முகம்.
குழாயில் நழுவும் கோலி
உள்ளிருக்கும் மணியைத் தட்டிவிட்டு விழும்.
அடியில் மணல் பரப்பியிருக்கிறோம்,
புதிதாய் விழுவது
ஏற்கெனவே விழுந்தவற்றோடு பேசிவிடாதிருக்க.
எழுத்துத் தெரியவேண்டாம். விரல் போதும்.
ஒருமுறை ஒலித்தால் ஓர் ஆள்.
இருமுறை ஒலித்தால் களவு.

கேட்பது என் வேலை.
பதினோரு வருடம் அஞ்சலகத்தில் முத்திரை குத்தியவன்,
ஒரே சத்தத்தைச் சலிக்காமல் கேட்பான் என்று
என்னை இந்த நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.
ஒவ்வொரு ஒலிக்கும் நோட்டில் ஒரு கோடு.

பாலைக்காற்றின் புழுதி.
வரிசையில் நிலக்கடலை உரிக்கும் விரல்கள்.
மை நனைந்த விரலை
வெயிலில் காட்டி உலர்த்தும் பெண்கள்.
டிங்.
நீண்ட இடைவெளி.
டிங்.
உள்ளே யாரோ யோசித்திருக்கிறார்கள்.
அந்த இடைவெளி எனக்குப் பிடித்திருந்தது.

மதியத் தொழுகைக்கு அழைப்பு எழுந்த நேரம்
ஒருவர் உள்ளே போய் வெளியே வந்தார்.
ஒலித்ததா?
ஒலிபெருக்கி ஓயும்வரை பென்சில் காகிதத்துக்கு மேலே நின்றது.
கோடு போட மனம் வரவில்லை.
ஒரு சிறு வட்டம் போட்டேன்.
நிமிர்ந்தபோது
முற்றத்தில் எல்லா முதுகுகளும் ஒன்றுபோலவே இருந்தன.

இருட்டியதும் கட்சிக்கு ஒருவர் முன்னால்
பீப்பாய்களைக் கவிழ்த்து மணலைச் சலித்தோம்.
குழிகள் வெட்டிய மரத்தட்டில் கோலிகளை அடுக்கினோம்,
குழிக்கு ஒன்றாக, கைவிளக்கு வெளிச்சத்தில்.
இருநூற்று மூன்று.
நூற்று எழுபத்தொன்று.
முப்பத்தேழு.
கொடுத்தவை நானூற்றுப் பன்னிரண்டு.
மறுபடி எண்ணினோம். நானூற்றுப் பதினொன்று.
மணலை மறுபடி சலித்தோம்.
ஒரு வண்டு கிடைத்தது.

காலையிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பாராதவர்கள்
அப்போதுதான் ஒன்றுகூடினார்கள்.
"பையில் எண்பத்தெட்டு மிச்சம் இருக்கிறதே" என்றார் சாய்னே.
"மூன்றாம் ஆளுக்கே ஒன்று போட்டுவிடுங்கள், பாவம்" என்றார் யாந்தே.
முப்பத்தேழுக்காரரின் ஆளும் மறுக்கவில்லை.
"ஒரு கோலி எதையும் மாற்றப்போவதில்லை."

கொசு. பசி. தலைநகரிலிருந்து ஓயாத தொலைபேசி.
நல்லவர்கள்தான் மூவரும்.
வீட்டுக்குப் போக ஆசைப்பட்டவர்கள்.

எதையும் மாற்றாதென்றால்
எதற்குப் போடவேண்டும் என்றேன்.
குரல் கொஞ்சம் நடுங்கியது, ஒப்புக்கொள்கிறேன்.
பிறகு படிவத்தில் எழுதினேன்:
கொடுத்தது நானூற்றுப் பன்னிரண்டு,
கிடைத்தது நானூற்றுப் பதினொன்று,
காரணம்: தெரியாது.
மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள்.
பேனாவை உதறி உதறி, மிக மெதுவாக.

எங்கே போயிற்று என்று இன்னும் நினைக்கிறேன்.
யாரோ விலை பேசி வாங்கினாரோ,
இல்லை, யாரோ ஒருவர்
காலையிலிருந்து வரிசையில் நின்று, விரலில் மை வாங்கி,
திரைக்குப் பின்னால் மூன்று முகங்களையும்
ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு
உள்ளங்கையை மூடிக்கொண்டாரோ.
அந்த மூடிய கைக்குள்
நான் எதைப் போட்டு நிரப்பியிருக்க முடியும்?

மறுநாள் காலை டெம்போ போனான்,
கூடையில் மீன், வண்டியில் மணி.
என் வாசலில் வேகத்தைக் குறைத்து
வேண்டுமென்றே
இருமுறை அடித்தான்.